சம்பளம் போட்ட பிறகுதான் பாதி வேலை

கோவையில் சிறு பட்டறைகளுக்குச் சம்பளக் கணக்கு பார்ப்பது என் தொழில். சம்பளம் கைக்குப் போனதும் வேலை முடிந்தது என்றே பல முதலாளிகள் நினைக்கிறார்கள். ஆனால் தொழிலாளியிடம் பிடித்த பணம் இன்னும் நம் வங்கிக் கணக்கில்தான் கிடக்கிறது. அது நம் பணம் அல்ல. அனுபவத்தில் நான் உறுதியாகப் பிடித்துக்கொண்ட பாடம் இதுதான்.

முதலில் தேதிகளைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். டி.டி.எஸ்., அதாவது சம்பளத்தில் பிடிக்கும் வருமான வரி, அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள். மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) இரண்டும் அடுத்த மாதம் 15-க்குள். டி.டி.எஸ். காலாண்டு அறிக்கைக்கு ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31, மே 31. தொழில் வரி உள்ளாட்சிக்கு, அரையாண்டுக்கு ஒருமுறை.

இதில் பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ஜூன் சம்பளத்தை ஜூன் 30-இல் கொடுத்தால் அதன் டி.டி.எஸ். ஜூலை 7-க்குள் போக வேண்டும். அதே சம்பளத்தை ஜூலை 5-இல் கொடுத்தால் ஆகஸ்ட் 7 வரை நேரம் இருக்கிறது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. அப்படியல்ல. ஜூன் மாத வேலைக்கு, சம்பளம் எப்போது கொடுத்தாலும் ஜூலை 15-தான்.

ஒரு நாள் தாமதத்தை லேசாக எண்ணாதீர்கள். ஜூன் 30-இல் பிடித்த வரியை ஜூலை 8-இல் கட்டினால், ஜூன், ஜூலை என்று இரண்டு மாத வட்டி விழும், மாதத்துக்கு 1.5 சதவீதம் வீதம் 3 சதவீதம். காலாண்டு அறிக்கை தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய்.

பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்ட 15-ஆம் தேதி வரை காத்திருக்கவும் வேண்டாம். ஜனவரியில் அது பொங்கல் நேரம். ஆகஸ்டில் சுதந்திர தினம். என் வாடிக்கையாளர்களுக்கு 10-ஆம் தேதியே சலான் போட்டுவிடுவேன். புதிதாகச் சேர்பவரின் ஆதார் பெயரையும் பிறந்த தேதியையும் முதல் நாளே சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பி.எஃப். எண் வாங்கும்போது சிக்கல் வரும்; கடைசி நேரத்தில் அதைத் தீர்க்க முடியாது.

இ.எஸ்.ஐ.யில் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியவரை உடனே நீக்கிவிடாதீர்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்ற அந்தந்த அரையாண்டு முடியும்வரை பிடித்தம் தொடர வேண்டும். அவர் நோயில் படுத்தால் கிடைக்கும் உதவித்தொகை, அந்த அரையாண்டுகளில் நாம் கட்டிய நாள்கணக்கைப் பொறுத்தது.

பி.எஃப். பணம் ஏறியதாகக் கைபேசியில் செய்தி வந்ததும், லேத்தை நிறுத்திவிட்டு அதைப் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டும் தொழிலாளிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அது மகளின் கல்யாணம், வீட்டு அஸ்திவாரம்.

ஆகவே சம்பளம் போடும் அன்றே பிடித்தத் தொகையையும் உங்கள் பங்கையும் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். மூலப்பொருள் வாங்கவோ கடன் அடைக்கவோ அதில் கை வைக்காதீர்கள். இந்த ஒரு பழக்கம் இருந்தால் எந்தத் தேதியும் உங்களைப் பயமுறுத்தாது.