மூளை இரத்தக்கசிவு: இரத்தப் பரிசோதனை எண்கள் சொல்வதும் சொல்லாததும்

மூளைக்குள் இரத்தக்கசிவு ஏற்பட்டு ஒருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டதும், வெளியே காத்திருக்கும் குடும்பத்தினர் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி, "பிழைத்துக்கொள்வாரா, டாக்டர்?" என்பதே. அடுத்த கேள்வி இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கப்படுகிறது: "இதிலிருந்து ஏதாவது தெரிகிறதா?" தடித்த எழுத்தில் அச்சிடப்பட்ட ஓர் எண்ணைக் கண்டு நம்பிக்கை இழப்பவர்களும், எல்லா எண்களும் இயல்பாக இருப்பதைக் கண்டு ஆபத்து நீங்கிவிட்டதாக எண்ணுபவர்களும் உண்டு. இரண்டுமே அவசர முடிவுகள். அந்த எண்களை நாங்கள் எவ்வாறு படிக்கிறோம் என்பதை இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

முதலில் பார்ப்பவை

பல ஆண்டுகள் கட்டுப்படாத இரத்த அழுத்தத்தால் நலிந்த சிறு தமனி ஒன்று வெடிப்பதே இந்நோய்க்கு மிகப் பொதுவான காரணம். வெளியேறிய இரத்தம் கட்டியாகத் திரண்டு மூளையை அழுத்துகிறது. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, முதல் சில மணி நேரங்களில் அக்கட்டி மேலும் பெரிதாகிறது. இந்நோய் கண்டவர்களில் சுமார் 40 விழுக்காட்டினர் ஒரு மாதத்திற்குள் இறந்துவிடுகின்றனர். எனவே குடும்பத்தினரின் அச்சம் நியாயமானதே.

விளைவை முன்கூட்டிக் கணிக்க உலகெங்கும் பயன்படும் ஒரு புள்ளிக்கணக்கை, சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவர்கள் 2001இல் வெளியிட்டனர். அதில் ஐந்து செய்திகள் மட்டுமே இடம்பெறுகின்றன: கிளாஸ்கோ அளவுகோலின்படி நோயாளியின் சுயநினைவு, இரத்தக்கட்டியின் அளவு 30 மில்லிலிட்டரை எட்டியுள்ளதா என்பது, மூளையின் நீர் அறைகளுக்குள் இரத்தம் புகுந்துள்ளதா என்பது, கசிவு மூளைத்தண்டு அல்லது சிறுமூளைப் பகுதியில் தொடங்கியதா என்பது, வயது 80 அல்லது அதற்கு மேலா என்பது. இவை நோயாளியைப் பரிசோதிப்பதாலும் சி.டி. ஸ்கேனாலும் தெரிபவை. இரத்தப் பரிசோதனை எதுவும் இப்பட்டியலில் இல்லை.

இரத்தம் தரும் குறிப்புகள்

அப்படியானால் இரத்தப் பரிசோதனை வீணா என்றால், இல்லை. அனுமதிக்கப்படும்போது சர்க்கரை மிகுந்திருப்பவர்களுக்கு விளைவு மோசமாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. முன்பே நீரிழிவு இல்லாதவர்களிடமும் இத்தொடர்பு காணப்படுகிறது. கடுமையான மூளைக்காயம் உடலில் அழுத்தச் சுரப்பிகளைத் தூண்டி, சர்க்கரையை உயர்த்துவது இதற்கு ஒரு காரணம்.

வெள்ளையணுக்களில் நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட் ஆகிய இரு வகைகளின் விகிதமும் அண்மைக் காலத்தில் மிகுதியாக ஆராயப்படுகிறது. மூளையில் அழற்சி பெருகும்போது முதல் வகை கூடி, இரண்டாம் வகை குறைகிறது. எனவே விகிதம் உயர்கிறது. சாதாரண இரத்த அணுப் பரிசோதனையிலேயே இதைக் கணக்கிடலாம். ஆனால் நுரையீரல் தொற்று ஏற்பட்டாலும், ஸ்டீராய்டு மருந்து எடுத்திருந்தாலும் இதே விகிதம் உயரும் என்பதை மறக்கலாகாது.

சேதமடைந்த மூளை உயிரணுக்களிலிருந்து இரத்தத்தில் கலக்கும் சில புரதங்களை அளப்பது குறித்தும் ஆய்வுகள் நடைபெறுகின்றன. அவை காயத்தின் அளவைக் குறிப்பால் உணர்த்துகின்றன. எனினும் அத்தகைய ஒரு புரதத்தின் அளவை மட்டும் கொண்டு "இவர் பிழைப்பார், இவர் பிழைக்கமாட்டார்" என்று எம்மால் கூற இயலாது.

மாற்றக்கூடிய எண்களே முக்கியம்

முன்கணிப்பைவிட, உடனே சரிசெய்யக்கூடியதைக் கண்டறியவே நாங்கள் இரத்தப் பரிசோதனையை நாடுகிறோம். வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து உட்கொள்பவருக்கு ஐ.என்.ஆர். என்னும் எண் உயர்ந்திருக்கும். இயல்பாக 1க்கு அருகில் இருக்கவேண்டிய அவ்வெண் 3 என்றால், கசிவு நிற்கத் தாமதமாகும். வைட்டமின் கே, உறைவுக் காரணிகள் ஆகியவற்றைச் செலுத்தி அதை விரைவாகக் குறைக்கிறோம்.

2023இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு இவ்வழிக்கு வலுச்சேர்க்கிறது. இந்தியா, இலங்கை உள்ளிட்ட பத்து நாடுகளைச் சேர்ந்த 7,000க்கும் மேற்பட்ட நோயாளிகள் அதில் இடம்பெற்றனர். இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை 140க்குக் கீழே கொண்டுவருதல், சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தல், காய்ச்சலைத் தணித்தல், வார்ஃபரின் எடுத்தவர்களுக்கு ஐ.என்.ஆர். எண்ணை 1.5க்குக் கீழே குறைத்தல் ஆகிய நான்கையும் ஒருசேர, விரைந்து செய்தபோது நோயாளிகள் மேலான நிலையில் மீண்டனர். சர்க்கரையும் ஐ.என்.ஆரும் இரத்தப் பரிசோதனையால் மட்டுமே தெரிபவை.

பரிசோதனைக்குப் புலப்படாதவையும் உண்டு. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் எடுப்பவருக்குத் தட்டணுக்களின் எண்ணிக்கை இயல்பாகவே இருக்கும். அவற்றின் வேலைதான் குன்றியிருக்கும். புதிய வகை உறைவுத் தடுப்பு மாத்திரைகளை உட்கொள்பவரின் ஐ.என்.ஆர். இயல்பை ஒட்டியே இருக்கக்கூடும். அந்நிலையில் குடும்பத்தினர் கொண்டுவரும் மாத்திரை அட்டை, ஆய்வக அறிக்கையைவிட அதிகம் சொல்லும்.

தினமும் ஏன் இரத்தம் எடுக்கிறீர்கள் என்று சிலர் கேட்பதுண்டு. சோடியம் குறைந்தால் மூளை வீக்கம் கூடலாம். சிறுநீரகம் தளர்ந்தால் மருந்தின் அளவை மாற்றவேண்டும். தொற்று தொடங்கினால் வெள்ளையணுக்கள் அதற்குக் குறிகாட்டும். ஒரு நாளின் எண்ணைவிட, மூன்று நான்கு நாட்களில் அது எத்திசையில் செல்கிறது என்பதே எங்களுக்குப் பயன்படுகிறது.

விழுக்காடும் உங்கள் உறவினரும்

மேற்சொன்ன 2001ஆம் ஆண்டு ஆய்வில், 3 புள்ளி பெற்றவர்களில் 72 விழுக்காட்டினர் 30 நாட்களுக்குள் இறந்தனர். அதாவது நூற்றுக்கு 28 பேர் உயிருடன் இருந்தனர். உங்கள் உறவினர் எந்தப் பக்கத்தில் இருப்பார் என்பதை அந்த எண் சொல்வதில்லை. அவரைப் போன்ற பலருக்கு நேர்ந்ததையே சொல்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. "இவர் பிழைக்கமாட்டார்" என்று முதல் நாளிலேயே கருதிச் சிகிச்சையைக் குறைத்துவிட்டால், அக்கணிப்பு தன்னைத்தானே மெய்யாக்கிக்கொள்ளும். முழுச் சிகிச்சை தொடர்ந்து அளிக்கப்பட்டவர்களிடம், இறப்பு அப்புள்ளிக்கணக்கு கூறியதைவிடக் குறைவாக இருந்ததைப் பின்னர் ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆகவேதான், நோயாளி முன்கூட்டியே தம் விருப்பத்தைத் தெரிவித்திராவிடில், சிகிச்சைக்கு எல்லை வகுக்கும் முடிவை மருத்துவமனையில் குறைந்தது இரண்டாம் முழு நாள் வரையேனும் ஒத்திவைக்க வேண்டும் என அமெரிக்க மருத்துவ வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன. "வீட்டுக்கே கொண்டுபோய்விடுகிறோம்" என்று முதல் நாள் இரவில் முடிவெடுக்க முற்படும் குடும்பங்களிடம் நாங்கள் சற்றுப் பொறுக்கும்படி வேண்டுவது இதனால்தான்.

இவ்வாறு சொல்வதால் எல்லாரும் பிழைப்பார்கள் என்று பொருளன்று. ஆழ்ந்த மயக்கம், பெரிய கட்டி, மூளைத்தண்டின் செயலிழப்பு ஆகியவை ஒருங்கே நீடிக்கும்போது, நம்பிக்கை மிகக் குறைவு என்பதை மறைக்காமல் கூறுவதும் எங்கள் கடமை. பிழைத்தவர்களுக்கும் மீட்சி மெதுவாகவே வரும்; பேச்சும் கைகால் அசைவும் தேறப் பல மாதங்கள் ஆகலாம்.

குடும்பத்தினர் செய்யக்கூடியவை

• நோயாளி உட்கொண்ட எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, முதல் மணி நேரத்திலேயே காட்டுங்கள். கடைசியாக எப்போது உட்கொண்டார் என்பதையும் சொல்லுங்கள்.

• இதய ஸ்டென்ட், செயற்கை வால்வு, கல்லீரல் நோய், மதுப்பழக்கம் ஆகியவை இருப்பின் தயங்காமல் தெரிவியுங்கள்.

• மருத்துவரிடம் பேசக் குடும்பத்தில் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். "நேற்றைவிட இன்று எப்படி? எதைச் சரிசெய்கிறீர்கள்? அடுத்து எப்போது மதிப்பிடுவீர்கள்?" என்ற மூன்று கேள்விகளை நாள்தோறும் கேளுங்கள்.

• நோயாளி நலமாக இருந்த காலத்தில், இத்தகைய நிலை வந்தால் என்ன செய்யவேண்டும் என்று ஏதேனும் கூறியிருந்தால் எங்களிடம் சொல்லுங்கள். எந்த ஆய்வகமும் தர இயலாத தகவல் அது.

• குடும்பத்தில் மற்றவர்களின் இரத்த அழுத்தத்தை இந்த வாரமே பார்த்துவிடுங்கள். மாத்திரையைத் தாமாக நிறுத்தியவர்கள் மருத்துவரைக் கண்டு மீண்டும் தொடங்கட்டும். இந்நோயைத் தடுக்க இதைவிடச் சிறந்த வழி வேறில்லை.