நொதித்தலும் நொதியமும்

கலைப்பிரிவு மாணாக்கர்க்கு உயிரிரசாயனம் கற்பிக்கப் புகுவோர், சூத்திரங்களை முன்னிறுத்தி அவரை வெருட்டுதல் தகாதென்பது எம் துணிபு. இரசாயன ஆசிரியர்கள் எம்மைப் பொறுப்பாராக!

கள் நொதித்தலை அறியாதார் யாழ்ப்பாணத்தில் யாவர்? முட்டியிற் சுண்ணாம்பு தடவினால் பனஞ்சாறு புளியாது கருப்பநீராய் நிற்பது ஏனென வினவுக. மதுவம் என்னும் நுண்ணுயிர் வெல்லத்தை மதுசாரமாக்குவதும், சுண்ணாம்பு அதனைத் தடுப்பதும் அவ்வினாவினின்றே விளங்கும். 1897 இல் பூக்னர் என்னும் செர்மானிய அறிஞர், மதுவத்தை அரைத்துப் பிழிந்த உயிரற்ற சாறும் வெல்லத்தை நொதிக்கச் செய்தலைக் காட்டினார். அவ்வாற்றலுடைய பொருளே நொதியம். நொதித்தலிற் பிறந்த சொல்லாதலின் தமிழ் மாணாக்கர் அதனை உருப்போட வேண்டுவதில்லை.

பின்னர், ஆறிய சோற்றுக்கஞ்சியில் அயடீன் இட்டு நீலநிறங் காட்டுகின்றோம். உமிழ்நீர் கலந்து சிறிது பொறுத்தபின் இட்டால் அந்நிறம் தோன்றாது. கொதிப்பித்து ஆறவிட்ட உமிழ்நீரைக் கலந்தாலோ நீலம் மீண்டும் தோன்றும். ஏனென அவர்களே கேட்பர். புரதம் பற்றிய பாடத்தை அப்பொழுதே தொடங்குகின்றோம்.