காலி டாங்கியின் கணக்கு

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் சாலையோரம் சற்று நேரம் நின்றால், பழைய ஆம்னி வேன் ஒன்றையேனும் காணலாம். 1984-இல் மாருதி வேன் என்ற பெயரில் வந்த இவ்வண்டியின் தயாரிப்பு 2019-இல் நின்றது, ஓட்டம் நிற்கவில்லை. ஆனால் வயதான வண்டியின் பெட்ரோல் டாங்கி ஒழுகத் தொடங்கும்.

ஏன் ஒழுகுகிறது? பெட்ரோலின் அடர்த்தி ஏறத்தாழ 0.74, நீரின் அடர்த்தி 1. உள்ளே புகுந்த காற்றின் ஈரம் குளிர்ந்து துளியானால், அது பெட்ரோலுக்கு அடியில் தங்கித் தகட்டை உட்புறமாக அரிக்கிறது. வெளிப்புறத்தில் ஒட்டிய கரிசல் சேறும் துருவுக்குத் துணைபோகிறது. கரிசல் மண் ஈரத்தை எளிதில் விடாது என்பதை உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கசியும் இடத்தில் கட்டிச் சோப்பைத் தேய்த்து அடைப்பதுண்டு. சோப்பு பெட்ரோலில் எளிதில் கரையாது. எனினும் அது பட்டறை வரை வந்து சேர்வதற்கான உபாயமே. பிறகு பெட்ரோலை வடித்து, டாங்கியைக் கழற்றியே ஆகவேண்டும்.

இங்கே ஒரு கேள்வி. பெட்ரோல் நிறைந்த டாங்கி, வடித்துவிட்ட டாங்கி, இவ்விரண்டில் நெருப்பின் அருகே எது வெடிக்கும்? பலர் முதலாவதைச் சொல்வார்கள். கணக்கிட்டுப் பார்ப்போம்.

திரவப் பெட்ரோல் எரிவதில்லை. அதன் ஆவியே எரிகிறது. அதுவும் காற்றில் ஆவியின் கன அளவு சுமார் 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை இருந்தால்தான் தீப்பற்றும். 40 லிட்டர் டாங்கி ஒன்றைக் கொள்வோம். அதில் 1.4 சதவீதம் என்பது 0.56 லிட்டர் ஆவி. பெட்ரோலின் சராசரி மூலக்கூறு எடை 100 எனக் கொண்டால், 1 மில்லி லிட்டர் பெட்ரோல் 30 டிகிரி செல்சியசில் ஏறத்தாழ 0.18 லிட்டர் ஆவியாகும். ஆகவே 3 மில்லி லிட்டர் பெட்ரோல் போதும்! மேல் எல்லைக்கு ஏறத்தாழ 17 மில்லி லிட்டர். எவ்வளவு கவனமாக வடித்தாலும் மூலைகளில் இவ்வளவேனும் ஒட்டியிராதா? நிறைந்த டாங்கியிலோ, மேலே உள்ள சிறு இடத்தில் ஆவி மிகுந்து காற்று போதாமல் போகிறது. ஆவி வெளியேறிக் காற்றோடு கலக்கும் வாயருகேதான் அங்கே ஆபத்து.

இனிப் பட்டறைக்காரர் செய்வதன் காரணங்கள் விளங்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மும்மடங்குக்கு மேல் கனமானது. பள்ளத்தில் நீர்போலத் தேங்கும். எனவே வண்டியைப் பட்டறைக் குழியின்மேல் நிறுத்தாமல் வெட்டவெளியில் நிறுத்துகிறார். பெட்ரோலைத் திறக்குமுன் பாட்டரியின் எதிர்மின் இணைப்பை முதலில் கழற்றுகிறார். வண்டியின் உடல் முழுவதும் அம்முனையோடு இணைந்தது. நேர்மின் முனையைத் திருகும் ஸ்பேனர் முதலிலேயே உடலில் பட்டால் பொறி பறக்கும். வடிப்பதற்குப் பிளாஸ்டிக் வாளி ஆகாது. ஓடும் பெட்ரோலில் நிலைமின்னூட்டம் சேரும். பிளாஸ்டிக் அதை வெளியேற விடாது. உலோகக் கேனை வண்டியோடு கம்பியால் இணைத்தால் மின்னழுத்த வேறுபாடு எழாது. குழாயை வாயால் உறிஞ்சுவது கூடவே கூடாது. பெட்ரோல் நுரையீரலில் புகுந்தால் உயிருக்கே ஆபத்து.

கழற்றிய டாங்கியை அப்படியே வெல்டிங் செய்து மாண்டவர்கள் உலகெங்கும் உண்டு. அதற்குப் பழைய தற்காப்பு, டாங்கியை நன்கு கழுவி, துளை மேலே வருமாறு திருப்பி, நீரால் நிரப்புவது. அரை லிட்டர் இடமே மிஞ்சினால், வெடிக்கக்கூடிய கலவையும் அரை லிட்டருக்கு மேல் இருக்க முடியாது. அந்த இடத்துக்கும் ஒரு திறப்பு விட்டிருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், துருப்பிடித்த தகட்டுக்கு ஒட்டுப் போடுவதே வீண்வேலை. கண்ணுக்குத் தெரியும் ஒரு துளையைச் சுற்றி, ஊசிமுனை அளவுக்கு மெலிந்த இடங்கள் பல காத்திருக்கும்.