கஞ்சாச் செடியும் சட்டமும்: நோயாளியின் குடும்பத்தார் அறிய வேண்டியவை

நீண்ட நாள் வலியோடு ஒருவர் வாழும் வீட்டில், நிவாரணம் பற்றிய எந்தச் செய்தியும் ஆவலோடு கேட்கப்படுகிறது. வெளிநாட்டில் வாழும் உறவினர், "இங்கே நோயாளிகளே கஞ்சாச் செடி வளர்த்துக்கொள்கிறார்கள்" என்று கூறும்போது, நாமும் சிலர் சேர்ந்து வளர்த்தால் என்ன, எத்தனை செடி வரை அனுமதி உண்டு என்னும் வினா எழுவது இயல்பே. விடை சுருக்கமானது: நம் நாட்டில் நோயாளிக்கென ஒரு செடிக்குக்கூட அனுமதி இல்லை.

பிற நாடுகளில்

கனடாவில் மருத்துவரின் ஆவணம் பெற்ற நோயாளி, அரசிடம் பதிவு செய்து செடி வளர்க்கலாம். இயலாதவர் தமக்காக வேறொருவரை நியமிக்கலாம். மருத்துவர் குறிக்கும் அன்றாட அளவைக் கொண்டு செடிகளின் எண்ணிக்கை கணக்கிடப்படுகிறது. ஓரிடத்தில் 4 பதிவுகளுக்கு மேல் கூடாது. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் வயதுவந்தோர் வீட்டில் 3 செடிகள் வரை வளர்க்கலாம். இவ்விதிகள் அந்தந்த நாட்டு எல்லைக்குள் மட்டுமே செல்லும்.

இந்தியச் சட்டம்

1985ஆம் ஆண்டின் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், உரிமமின்றிக் கஞ்சாச் செடி வளர்ப்பதைத் தடை செய்கிறது. 20ஆம் பிரிவின்படி இதற்கு 10 ஆண்டு வரை கடுங்காவலும், 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். இப்பிரிவு செடிகளை எண்ணுவதில்லை. ஒன்றும் குற்றமே, நூறும் குற்றமே.

1 கிலோ வரை "சிறு அளவு" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது கஞ்சாவை வைத்திருத்தல் போன்ற குற்றங்களுக்கான தண்டனையைக் குறைக்கும் வரம்பே, அனுமதி அன்று. அதற்கும் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. செடி வளர்ப்புக்கு இந்த வரம்பு பொருந்தாது.

கூட்டாக வளர்த்தால் பொறுப்பு பங்கிடப்பட்டுக் குறைவதில்லை, பலரையும் பற்றுகிறது. எடுத்துக்காட்டாக, சேலையூரில் ஒருவர் தம் மாடியைத் தருகிறார். பெருங்களத்தூரில் ஒருவர் பணம் தருகிறார். குரோம்பேட்டையில் ஒருவர் நீர் ஊற்றிப் பராமரிக்க ஒப்புகிறார் எனக் கொள்வோம். தெரிந்தே இடம் தந்தவரை 25ஆம் பிரிவும், உடந்தையாகவோ கூட்டுச் சதியிலோ இருந்தவரை 29ஆம் பிரிவும் குற்றத்துக்குள் கொண்டுவரும். நோயாளியைக் கவனிப்பவரே சிறை சென்றால் அவரை யார் கவனிப்பது?

உரிமம் பெற்ற வளர்ப்பு நாட்டில் இல்லாமல் இல்லை. ஜம்முவிலுள்ள இந்திய ஒருங்கிணைந்த மருத்துவ நிறுவனம் ஆராய்ச்சிக்காகப் பயிரிடுகிறது. அது நிறுவனத்துக்குரிய உரிமம், குடும்பங்களுக்கு உரியதன்று.

சித்த மருத்துவத்தில்

தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருப்பதால், "சித்த மருந்தில் கஞ்சா உண்டல்லவா?" என்று சிலர் கேட்பதுண்டு. உண்டு. ஆனால் மருந்து விதிகளின் நச்சுப்பொருள் பட்டியலில் அது இடம்பெற்றுள்ளது. அது சேர்ந்த மருந்தை உரிமம் பெற்றவரே தயாரிக்கலாம். மருத்துவரின் மேற்பார்வையில்தான் உட்கொள்ள வேண்டும். வீட்டில் செய்துகொள்ள இது அனுமதி ஆகாது.

வலிக்குத் திறந்திருக்கும் வழி

அதே சட்டம் 2014இல் திருத்தப்பட்டு, மார்ஃபின் உள்ளிட்ட இன்றியமையாத வலிநிவாரணிகள் நோயாளிகளை அடையும் வழி எளிதாக்கப்பட்டது. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் இவற்றை முறையாகப் பெறலாம். மார்ஃபின் என்றாலே இறுதிக்கட்டம் என்று அஞ்ச வேண்டியதில்லை. கடும் வலி உள்ளபோது மருத்துவர் அளவறிந்து தரும் மருந்து அது. நரம்பு வலிக்கு வேறு மருந்துகளும் உள்ளன.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. வலியின் அளவு, நேரம், உறக்கம் கெடும் இரவுகள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள்.

2. அடுத்த வருகையின்போது, "வலித்தணிப்புச் சிகிச்சைக்கு அனுப்ப இயலுமா?" என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

3. நோயாளி கஞ்சாவை ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, வலிப்பு மருந்து ஆகியவற்றின் செயலை அது மாற்றக்கூடும். இதயத் துடிப்பையும் மிகுவிக்கும்.

4. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் கஞ்சா எண்ணெய் கொண்டுவரச் சொல்லாதீர்கள். அங்குள்ள மருத்துவச் சீட்டு நம் விமான நிலையத்தில் அவரைக் காக்காது.