செங்காந்தள்: மருந்தும் அதேதான், விஷமும் அதேதான்!

மதுரையில இருந்து திண்டுக்கல் தாண்டி ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் போனா, வேலியில ஏறி நெருப்பு மாதிரி பூத்திருக்கிற செங்காந்தள் தோட்டங்களைப் பார்க்கலாம். நம்ம மாநில மலர்தான். ஊர்ல கண்வலிக்கிழங்குன்னு சொல்வாங்க. காய் நல்லா பிடிக்கணும்னு காலையில பூவுக்குப் பூ கையாலேயே மகரந்தம் தொட்டு வைப்பாங்க. விவசாயிக்குக் காசு பூவுல இல்ல, விதையில. காரணம், அதுல இருக்கிற கோல்ச்சிசின்.

1820-ல பெல்லெத்தியே, கவந்து என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் இதை கோல்ச்சிகம் என்ற ஐரோப்பியச் செடியில இருந்து பிரிச்சாங்க. அதே பொருள்தான் நம்ம செங்காந்தள்லயும் இருக்கு.

எப்படிப் பிரிக்கிறாங்க? விதையைப் பொடியாக்கி, முதல்ல ஹெக்சேன் மாதிரி கரைப்பான் விட்டு எண்ணெயை எடுத்துடணும். அப்புறம் ஆல்கஹாலும் தண்ணியும் கலந்து ஊற வைச்சா கோல்ச்சிசின் அதுல இறங்கும். குறைந்த அழுத்தத்துல கரைப்பானை ஆவியாக்கி, வேற கரைப்பானுக்கு மாத்தி, கடைசியா படிகமாக்கணும். வெளிச்சம் பட்டா லூமிகோல்ச்சிசினா மாறிடும். அதனால வெளிச்சம் படாமதான் வைக்கணும்.

இது உடம்புல என்ன செய்யுது? நம்ம செல்லுக்குள்ள டியூபுலின் என்ற புரதம் சேர்ந்து நுண்குழாய்களா நிக்கும். செல் நகர, இரண்டாப் பிரிய அது வேணும். கோல்ச்சிசின் டியூபுலினைப் பிடிச்சுக்கிட்டு குழாய் கட்ட விடாது. கௌட் வந்த மூட்டுல யூரிக் அமிலப் படிகத்தைத் தேடி ஓடி வர்ற வெள்ளையணுக்கள் இதனால தடைபடும். வீக்கமும் வலியும் குறையும். இதய நோயாளிகளுக்கு மாரடைப்பு அபாயத்தைக் குறைக்க தினம் 0.5 மில்லிகிராம் கொடுக்கலாம்னு அமெரிக்காவோட எஃப்.டி.ஏ. 2023-ல அனுமதி கொடுத்துச்சு.

அளவு மீறினா? அதே வேலைதான், ஆனா குடல்லயும் எலும்பு மஜ்ஜையிலயும். அங்க செல்கள் வேகமா பிரிஞ்சுக்கிட்டே இருக்கணும். அது நின்னா உயிருக்கே ஆபத்து. தெரியாம இந்தக் கிழங்கைச் சமைச்சுச் சாப்பிட்டு இறந்தவங்க உண்டு. வேக வைச்சாலும் விஷம் போகாது.

கணக்குப் போட்டுப் பாருங்க: 5 கிராம் கோல்ச்சிசின்னா 0.5 மில்லிகிராம் மாத்திரை 10,000! ஒரு கிழங்குல எவ்வளவு இருக்குன்னு கண்ணால பார்த்துச் சொல்ல முடியுமா? செடிக்குச் செடி மாறும். பிரிச்சு, சுத்தம் பண்ணி, அளந்து கொடுக்கிறதுலதான் மருந்தே இருக்கு.

அதனால "இயற்கைதானே, ஒண்ணும் பண்ணாது"ன்னு யாராவது இந்தக் கிழங்கை அரைச்சுக் கொடுத்தா, தயவுசெஞ்சு தடுங்க.