தைலம் பறந்துவிடும், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கால்நடை மருந்தகத்தில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் உண்ணி உன் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. டெல்டாமெத்ரின் தெளித்த அடுத்த வாரமே மாட்டின் மடிச்சந்தில் மறுபடியும் உண்ணி. மாட்டுக்காரர் உன்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். யாரோ எலுமிச்சைப் புல் தைலம் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து உன் மேசையில் வைத்து, "இயற்கை சார், பக்கவிளைவே கிடையாது" என்று சொல்லிப் போயிருக்கிறார். மருந்தை விட்டுவிட்டுத் தைலத்துக்கு மாறிவிடலாமா என்று கேட்கிறாய்.

தைலம் வேலை செய்யும். ஆனால் பறந்துவிடும். இந்த இரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள். மீதியெல்லாம் இதற்கு விளக்கம்தான்.

முதலில் எதிராளியைப் பார். இரத்தம் குடித்து ஊதிய பெண் உண்ணியைக் கிராமத்தில் "ஆமணக்கு முத்து மாதிரி" என்பார்கள். லத்தீன்காரர்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. ஆமணக்கின் தாவரப் பெயரான ரிசினஸ் என்ற சொல்லுக்கு அந்த மொழியில் உண்ணி என்றே பொருள். அந்த முத்து மாட்டிலிருந்து தானாக உதிரும். தரை வெடிப்பிலோ சாணிக் குப்பையின் ஓரத்திலோ ஒதுங்கி, இரண்டாயிரம் மூன்றாயிரம் என்று முட்டையிட்டுவிட்டுச் சாகும். பொரிந்து வரும் ஆறுகால் குஞ்சுகள் பல வாரங்கள், சில சமயம் மாதக்கணக்கில்கூட, பட்டினி கிடந்து மாட்டுக்காகக் காத்திருக்கும். நம் கலப்பின மாடுகளை வாட்டும் மாட்டுண்ணி மாட்டின்மேல் இருப்பது சுமார் மூன்று வாரம்தான். ஆகவே எந்த நாளில் எண்ணினாலும் மாட்டில் இருப்பவை கொஞ்சம், கட்டுத்தறியில் இருப்பவை ஏராளம். நீ மாட்டுக்கு மட்டும் தெளித்துவிட்டு வந்தால், வாசலைப் பெருக்கிவிட்டு வீடு சுத்தமாகிவிட்டது என்று சொல்வதுபோலத்தான்.

இப்போது தைலத்துக்கு வருவோம். உண்ணிக்குக் கண்ணைவிட மூக்கு முக்கியம். அந்த மூக்கு இருப்பது முன்னங்காலில். ஹாலர் உறுப்பு என்று நீ படித்திருப்பாய். முன்னங்கால்களைத் தூக்கி ஆட்டிக்கொண்டு, மாட்டின் மூச்சுக்காற்றையும் உடல் சூட்டையும் மோப்பம் பிடிக்கிறது. எலுமிச்சைப் புல்லின் சிட்ரால், கிராம்பின் யூஜெனால், ஓமத்தின் தைமால் போன்றவை அந்த மோப்பத்தைக் குழப்புகின்றன. அடர்த்தி கூடினால் அதன் நரம்பு மண்டலத்தையே தாக்குகின்றன. பூச்சி, உண்ணி வகைகளில் பெரிய வேலை செய்யும் ஆக்டோபமைன் என்ற நரம்புச் செய்திப்பொருளின் ஏற்பிகள் இவற்றின் இலக்குகளில் ஒன்று. அமிட்ராஸ் என்ற உண்ணி மருந்து தாக்குவதும் அங்கேதான்.

விரட்டுவது, கொல்வது, முட்டையைக் கெடுப்பது மூன்றும் வேறு வேறு வேலைகள். தைலம் விற்க வருபவர் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வார். நீ பிரித்துக் கேள். மூடிய கண்ணாடித் தட்டில் நூற்றுக்கு நூறு கொன்ற தைலம், காற்றோட்டமான தொழுவத்தில் சில மணி நேரத்தில் ஆவியாகிவிடும். மணம் போனால் மருந்தும் போயிற்று. ஒரே செடியின் தைலமும் விளைந்த மண், அறுத்த பருவம், காய்ச்சிய விதம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும்; சென்ற பாட்டிலும் இந்தப் பாட்டிலும் ஒன்றல்ல. இன்னொன்று: வேப்பெண்ணெய் செக்கில் ஆட்டிய எண்ணெய், காய்ச்சி வடித்த தைலமல்ல. அது அவ்வளவு சீக்கிரம் ஆவியாகாது. அதன் போக்கும் வேறு, அளவும் வேறு.

அடுத்து அந்த "இயற்கை" என்ற சொல். நீ சலித்துப்போன டெல்டாமெத்ரினின் மூதாதை ஒரு பூ. சாமந்தி இனத்துப் பைரெத்ரம் பூவிலுள்ள நஞ்சைப் பார்த்துத்தான் வேதியியலார் அந்த மருந்துக் குடும்பத்தையே உருவாக்கினார்கள். பூவின் வழிவந்த மருந்துக்கே உண்ணி பழகிவிட்டது. அரைகுறை அளவில் தெளித்துக்கொண்டே இருந்தால் புல்லிலிருந்து வருவதற்கும் பழகலாம். வேலியில் நிற்கும் உண்ணிச்செடியையே பார். பெயரிலேயே உண்ணி இருக்கிறது, இலையை அரைத்து உண்ணிக்குத் தெளிப்பவர்களும் உண்டு. அதே இலையை மாடு மேய்ந்தால் ஈரல் கெட்டு, வெயில் பட்ட இடமெல்லாம் தோல் வெந்து உரியும். குழந்தை மருந்து என்று நாம் போற்றும் வசம்பை, அதன் தைலத்திலுள்ள அசரோனுக்கு அஞ்சி, அமெரிக்கா 1968இல் உணவில் சேர்க்கத் தடை விதித்தது. செடிக்கு நம் மேல் அன்பு கிடையாது. தன்னைத் தின்ன வருவதை விரட்டத்தான் மணக்கிறது.

இதை நான் புத்தகத்தில் மட்டும் கற்கவில்லை. வேலைக்கு வந்த மூன்றாம் வருஷம், நாயோடு வந்த ஒரு பாட்டியிடம், "கொஞ்சம் நீலகிரித் தைலம் தடவுங்கம்மா" என்று போகிற போக்கில் சொன்னேன். எதில் கலந்து, எவ்வளவு என்று சொல்லவில்லை. வீட்டில் வேறென்ன வளர்க்கிறீர்கள் என்று கேட்கவும் இல்லை. அவர் நாய்க்குத் தடவிய கையோடு பூனைக்கும் தடவிவிட்டார். மறுநாள் கூடையில் வந்த பூனை எச்சில் ஒழுக, கால் பின்னித் தள்ளாடியது. இவ்வகைப் பொருள்களை மாற்றி வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்குக் குறைவு. சோப்புப் போட்டுக் கழுவி, கதகதப்பாக வைத்து, இரண்டு நாள் கழித்துத்தான் அது பால் குடித்தது. அன்றிலிருந்து தைலம் என்று வாயெடுத்தால், "வீட்ல பூனை இருக்கா?" என்பதுதான் என் முதல் கேள்வி.

பிறகு எப்படித்தான் பயன்படுத்துவது? தைலமும் நீரும் சேராது. முதலில் சோப்புக் கரைசலில் தைலத்தை நன்றாக அடித்துக் கலந்து, பிறகு நீர் சேர். பத்து நிமிடம் அப்படியே வை. மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் தெளிக்காதே. பாத்திரத்தின் கடைசிக் கரைசல் எந்த மாட்டுக்குப் போகிறதோ, அதன் தோல் வெந்துவிடும். நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் தொடங்கு. தோளுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்தில் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு, பிறகு உடம்பெங்கும் போ. கண், மடிக்காம்பு, புண் பக்கம் போகாதே. பால் கறந்த பிறகு, வெயில் தாழ்ந்த நேரத்தில் தெளி. கறக்கும் முன் தெளித்தால் பாலில் வாசம் ஏறும். மூடிக் கணக்கு வேண்டாம், அளவுக் குவளை வைத்துக்கொள்.

தைலம் உண்மையில் வேலை செய்கிறதா என்று உன் மருந்தகத்திலேயே பார்க்கலாம். ஊதிய உண்ணிகள் இருபது பொறுக்கு. பத்தைத் தைலக் கலவையிலும், பத்தை வெறும் சோப்புக் கரைசலிலும் இரண்டு நிமிடம் முக்கி, ஒற்றி எடுத்து, தனித்தனிக் குப்பிகளில் வை. இரண்டு வாரம் கழித்து எதில் பழுப்பு நிறத்தில் மினுக்கும் முட்டைக் கொத்து எவ்வளவு என்று நிறுத்துப் பார். சோப்புக் குப்பி இல்லாமல் செய்தால், சோப்பின் பெருமையையும் தைலத்தின் கணக்கில் எழுதிவிடுவாய்.

தைலத்தைப் பறக்காமல் பிடித்து வைப்பதுதான் இன்றைய ஆராய்ச்சியின் பெரிய வேலை. நுண்குழம்பாக்குகிறார்கள், உறைக்குள் அடைக்கிறார்கள். பம்பளிமாஸ் தோலிலும் அலாஸ்கா மஞ்சள் செடாரிலும் உள்ள நூட்கடோன் என்ற பொருளைத் தனியே பிரித்து, சோதித்து, 2020இல் அமெரிக்க அரசு பதிவு செய்தது. பாட்டிலில் மணக்கும் தைலத்துக்கும் மருந்துக்கும் இடையே உள்ள தூரம் அது.

அந்தத் தூரம் கடக்கும்வரை கட்டுத்தறியை விடாதே. சுவர் வெடிப்பைப் பூசச் சொல், சுண்ணாம்பு அடிக்கச் சொல், குப்பைமேட்டைத் தள்ளி வைக்கச் சொல். கோழி நாலு மேய்ந்தால் அதுவும் நல்லதுதான். காய்ச்சலோடு காபி நிறத்தில் மூத்திரம் போகும் மாட்டின் பக்கம் தைலப் பாட்டிலைக் கொண்டுபோகாதே. இரத்தப் பூச்சு எடுத்து நோய்க்கு மருந்து கொடு. உண்ணி அடர்ந்து மாடு வெளுத்துப்போயிருந்தால் வழக்கமான மருந்தைச் சரியான அளவில் பயன்படுத்து. அதை அடிக்கடி எடுக்க வேண்டிய அவசியத்தைக் குறைப்பதுதான் தைலத்தின் இடம்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். தெளிக்கும் முன் மாட்டின் ஒரு பக்கத்தில் மட்டும், அரை சென்டிமீட்டரை எட்டிய பெண் உண்ணிகளை எண்ணி இரண்டால் பெருக்கு. ஏழாம் நாள், பதினான்காம் நாள், இருபத்தோராம் நாள் மறுபடி எண்ணு. நோட்டில் தேதியோடு குறித்து, அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்பு. தைலத்துக்கு மாறலாமா என்ற கேள்விக்கு அந்த நாலு எண்கள் பதில் சொல்லும்.

அன்புடன்,
உன் மூத்த தோழன்