தெளிந்த நீரெல்லாம் குடிநீர் அல்ல

உளூ செய்ய ஏற்ற தண்ணீர் குடிக்கவும் ஏற்றது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இரண்டும் ஒன்றல்ல. நிறம், சுவை, வாடை மாறாத பெரிய குளத்து நீர் மார்க்கச் சட்டப்படி சுத்தமானது. ஆனால் காலரா, டைபாய்டு கிருமிகளுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கண்ணை நம்பி நம் பிள்ளைகளுக்குக் குளத்து நீரைக் கொடுக்க முடியாது.

இதற்கு வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. 1892-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் எல்பே ஆற்று நீரை வடிகட்டாமலே குழாய்களில் விட்டது. அதை ஒட்டியிருந்த அல்டோனா நகரமும் அதே ஆற்றில்தான் நீர் எடுத்தது. அதுவும் ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு, கீழ்ப்பகுதியில். ஆனால் அல்டோனா அந்த நீரை மணலில் மெதுவாக வடித்தே மக்களுக்குக் கொடுத்தது. அந்த ஆண்டு காலரா பரவியபோது ஹாம்பர்க்கில் சுமார் 8,600 பேர் இறந்தார்கள். அல்டோனா பெரும்பாலும் தப்பியது. ஆறு ஒன்றுதான், காப்பாற்றியது மணல்.

இந்த முறைக்கு மின்சாரமோ மருந்தோ பெரிதாகத் தேவையில்லை. சுமார் ஒரு மீட்டர் ஆழத்துக்கு நுண்மணல், அடியில் சரளைக்கல். நீர் மணிக்கு 10 முதல் 40 சென்டிமீட்டர் வரை மட்டுமே இறங்க வேண்டும். சில வாரங்களில் மணலின் மேற்பரப்பில் ஒரு மெல்லிய உயிர்ப்படலம் உருவாகும். அதில் வாழும் நுண்ணுயிர்கள் நோய்க்கிருமிகளைத் தின்று அழிக்கும். படலம் தடித்து நீர் இறங்காமல் போனால், மேல் மணலை ஓரிரு சென்டிமீட்டர் சுரண்டி எடுத்தால் போதும். சென்னை கீழ்ப்பாக்கத்தில் 1914-ல் தொடங்கிய குடிநீர் நிலையமும் இம்முறையைத்தான் கையாண்டது.

இதற்கும் எல்லை உண்டு. உப்பையும், தொழிற்சாலை இரசாயனங்களையும் மணல் நீக்காது. மிகவும் கலங்கிய நீரை முதலில் தெளிய வைக்க வேண்டும். நம் பாட்டிமார் பானையில் தேத்தாங்கொட்டையை உரசியது இதற்குத்தான். அது கலங்கலைப் படியச் செய்யும். ஆனால் கிருமிகள் முழுவதும் அழிந்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது.

ஆகவே வீட்டில் செய்ய வேண்டியவை: தெளிந்த நீரை வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். தளதளவெனக் கொதித்த பின்பும் ஒரு நிமிடம் அடுப்பில் விடுங்கள். மூடியே ஆற வையுங்கள். குடத்துக்குள் கையோ டம்ளரோ விடாமல், நீண்ட பிடியுள்ள அகப்பையால் மொண்டு எடுங்கள். கொதிக்க வைத்த நீரும் அழுக்குக் கையால் கெட்டுவிடும்.

ஜமாஅத்தாகச் செய்ய வேண்டியவை: ஊருணிக்கு வரும் வாய்க்காலில் கழிவுநீர் சேராமல் தடுங்கள், கரைக்கு வேலி போடுங்கள், ஆண்டுக்கு ஒருமுறையேனும் நீரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். தேங்கி நிற்கும் நீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். நீர் கெட்ட பின் சுத்திகரிப்பதைவிட, கெடாமல் காப்பதே எளிது என்பதை இதிலிருந்தும் நாம் உணரலாம்.

மதீனாவில் தண்ணீருக்குத் தட்டுப்பாடு இருந்தபோது, உஸ்மான் (ரலி) அவர்கள் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். கிணறு வெட்டுவது மட்டுமல்ல, இருக்கும் குளத்தைத் தூய்மையாக வைப்பதும் நிலையான தர்மம்தான். அந்த நன்மையில் நம் அனைவருக்கும் அல்லாஹ் பங்கு தருவானாக, ஆமீன்.